எஞ்சினை அணைக்கச் சொன்னவள்

தலைமை தாங்கித் தளராமல் வீற்றிருக்கும் முருங்கை விவசாயிகள் சங்கத் தலைவர், பெருமதிப்பிற்குரிய மந்திரமூர்த்தி அண்ணாச்சி அவர்களே! சங்கத்துக்கு வயதில் மூத்தவர்களாய், சலிப்பில் இளையவர்களாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! விடியுமுன் உலை வைத்து, வெயிலுக்கு முன் காய் பறித்து, இன்று வேலையை ஒதுக்கி வந்திருக்கும் தாய்மார்களே! துறைமுக வாசல் திறக்குமா திறக்குமா என்று சாலையோரம் தவம் கிடக்கும் லாரி ஓட்டுநர் தோழர்களே! அவர்கள் சார்பில் மேடையேறி என் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் நாசரேத்துத் தம்பி ரெக்சன் அவர்களே! முத்துக் குளித்த கடலோரத்தில் முருங்கை வளர்த்து வாழ்ந்த புதுக்காட்டு மக்களே! உங்கள் அனைவருக்கும், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கும் இந்த இந்துமதியின் பணிவான வணக்கம்.

பேச்சுக்குத் தலைப்பு என்ன என்று அண்ணாச்சி கேட்டார். "காற்று" என்றேன். "காத்தப் பத்திப் பேச என்ன இருக்கு டீச்சர், அது பாட்டுக்கு வருது போகுது" என்றார்.

இருக்கிறது அண்ணாச்சி. சொல்ல நிறையவே இருக்கிறது. ஆனால் நான் இன்று கணக்கும் கொண்டுவரவில்லை, கட்டமும் கொண்டுவரவில்லை. ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன். அந்தப் பெண் இந்தப் பந்தலில் இல்லை. அவரைத் தெரியாதவரும் இந்தப் பந்தலில் இல்லை.

அருணாசலவடிவு.

ஆமாம் தாயே, உங்கள் வடிவக்காதான். தலையாட்டுகிறீர்களே, அந்த வடிவக்காவேதான்.

துறைமுகச் சாலைக்கு மேற்கே கடைசியாய் மிஞ்சி நிற்கும் தோப்பு அவருடையது. மிஞ்சி நிற்கும் என்று ஏன் சொல்கிறேன்? வடக்கே இருந்த தோப்பு இன்று கண்டெய்னர் அடுக்கும் யார்டு. தெற்கே இருந்த தோப்பு இன்று லாரி எடைமேடை. எதிரே இருந்த தோப்பு இன்று டயர்க்கடை. விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். காய்க்காத மரத்தைக் கட்டிக்கொண்டு யார்தான் எத்தனை காலம் தள்ள முடியும்?

ஆனால் பூத்ததே! அந்தத் தோப்பு பூக்காமலா இருந்தது? இலை தெரியாமல் பூத்தது. கிளை வளையப் பூத்தது. கார்த்திகை மழை குடித்த செம்மண்ணின் நன்றியெல்லாம் வெள்ளை வெள்ளையாய்க் கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. பூத்ததே ஒழியக் காய்த்ததா? காலையில் எழுந்து கதவைத் திறந்தால் தரை முழுக்கப் பூ. வாரியலால் கூட்டினால் கூட்டும்போதே இன்னும் உதிரும்.

தண்ணீர் போதவில்லை என்றார் ஒருவர். தண்ணீர் பாய்ச்சினார் வடிவக்கா. சத்து போதவில்லை என்றார் மற்றொருவர். சாணமும் சாம்பலும் சுமந்து கொட்டினார். கண்ணு பட்டிருக்கு என்றார் இன்னொருவர். பூசணிக்காயும் கட்டினார். என்ன செய்து என்ன? பூசணிக்காயாவது காய்த்ததே என்று ஊர் சிரித்தது.

சிரிக்காதீர்கள் தாய்மார்களே. அன்றைக்கு அவர் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அவருடைய வீட்டுக்காரர் செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்குப் பொறுமை போயிற்று. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னார்: "ஏளா, வடக்க வித்தான், தெக்க வித்தான். நாம மட்டும் பூவப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"மரத்துக்கு என்னமோ ஆயிருக்கு. என்னன்னு தெரியாம எப்படிங்க விக்க?"

"என்ன ஆனா நமக்கென்ன? காய்க்கல. அம்புட்டுத்தான்."

"நோவு என்னன்னு பாக்காம ஆளத் தூக்கிப் போட்டுருவியளா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சென்னையில் மகன் மகாராஜன் மளிகைக்கடை வைத்திருக்கிறான். அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார். "மனசு மாறுனா போன் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். வடிவக்கா வழியனுப்பப் போகவில்லை. வேலிப்படலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று தொடங்கியது அந்தத் தனிமை. எத்தகைய தனிமை தெரியுமா? ஒற்றை ஆளுக்குச் சோறு வடிக்க அவருக்குக் கை பழகவில்லை. தினமும் மிஞ்சும். தினமும் தண்ணீர் ஊற்றி மூடிவைப்பார். சுற்றிலும் உப்பு விளைகிற ஊரில், வீட்டில் உப்புத் தீர்ந்தால் ஒரு கை வாங்கிவர அக்கம்பக்கத்தில் ஒரு வாசல் இல்லை. வடபுறம் மதில், மதிலுக்கு மேல் கண்டெய்னர், கண்டெய்னருக்கு மேல் கண்டெய்னர். கிழக்கே சாலை. சாலை நெடுக லாரி. நகராத லாரி. நகராமலே உறுமுகிற லாரி! வீட்டுக்காரர் போன் போட்டால் இவர் பேசுவது அவருக்குக் கேட்காது, அவர் பேசுவது இவருக்குக் கேட்காது. "சாப்டாச்சா?" "ஆங்?" "சாப்டாச்சான்னு கேட்டேன்." "ஆங், ஆங்." அவ்வளவுதான் பேச்சு.

அந்த நாட்களில்தான் நான் அங்கே போனேன். சாலையோர மரங்களின் பூ வாசத்தை ஆராய வந்தவள் நான். பூங்கொத்தின்மேல் ஒரு மெல்லிய பையை மாட்டி, அதிலிருந்து சிறு குழாய் வழியே காற்றை இழுத்துச் சேர்ப்பது என் வேலை. வடிவக்கா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"என்ன டீச்சர், பூவுக்குச் சட்டை தைச்சுப் போடுதியளா?"

"இல்லக்கா. பூ என்ன பேசுதுன்னு பிடிக்கிறேன்."

"பேசுதா?" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "யார்ட்ட?" என்று கேட்டார்.

யாரிடம்! அவையோரே, என் மாணவர்கள் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். 'யாரிடம்' என்று ஒருவரும் கேட்டதில்லை. பேச ஆளில்லாத வீட்டில் இருந்தவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வந்தது.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பூவின் வாசம் என்பது என்ன? கண்ணுக்குத் தெரியாத வேதித் துகள்கள். பூ அவற்றைக் காற்றில் விடுகிறது. கருவண்டும் தேனீயும் அந்த வாசத்தின் வால்பிடித்துத்தான் வருகின்றன. வண்டு வந்தால்தான் மகரந்தம் சேரும். மகரந்தம் சேர்ந்தால்தான் பிஞ்சு பிடிக்கும். பூ மட்டுமா பேசுகிறது? கம்பளிப்பூச்சி ஓர் இலையைக் கடித்தால், கடிபட்ட இலை வேறொரு வாசத்தை விடுகிறது. எத்தனையோ செடிகளில் அடுத்த செடி அந்த வாசத்தை உணர்ந்து தன் இலையைக் காத்துக்கொள்ளத் தயாராகிறது. புழுவைத் தேடும் குளவியும் அந்த வாசத்தைப் பிடித்து வருகிறது. வாயில்லாச் செடிக்கு வாசமே வாய்!

டீசல் எஞ்சின் புகை என்ன செய்கிறது? அதிலே நைட்ரஜன் ஆக்சைடு இருக்கிறது. வெயில் காய்ந்தால் அதிலிருந்து தரைக்காற்றில் ஓசோன் பிறக்கிறது. இரண்டும் அந்த வாசத் துகள்களைத் தாக்குகின்றன. சிலவற்றை உடைக்கின்றன, சிலவற்றை வேறொன்றாய் மாற்றுகின்றன. தோப்பைத் தாண்டிப் போக வேண்டிய வாசம் வேலியைத் தாண்டவில்லை. தேடி வருகிற வண்டு பாதி வழியில் தடம் தொலைத்துத் திரும்பிப்போகிறது. நாடு நாடாய் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள் இதை. புதுக்காட்டு முருங்கைக்கும் இதுதான் நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் பைகளில் சாலையோர மரத்தின் வாசம் ஒருவிதமாகவும், உள்மரத்தின் வாசம் ஒருவிதமாகவும்தான் இருந்தது.

வடிவக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாலையோர மரத்தில் கைவைத்தார். "அப்போ இதுக்கு நோவு ஒண்ணும் இல்ல."

"இல்லக்கா."

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கு."

"ஆமாக்கா."

வெகுநேரம் அந்த மரத்தடியிலேயே நின்றார். நான் என் பைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் திரும்பவில்லை.

பிறகு லாரி வேலைநிறுத்தம் வந்தது. நினைவிருக்கிறதா? (தம்பி ரெக்சன் தலையசைக்கிறார். இருக்காதா? வேலையில்லாமல் வீட்டில் கிடந்தவருக்கு மறக்குமா?) சாலை வெறிச்சோடியது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலையில் எனக்குப் போன் வந்தது. "டீச்சர், வாங்க. உடனே வாங்க." வேறொன்றும் சொல்லவில்லை.

போனேன். தோப்பு அதிர்ந்துகொண்டிருந்தது! வேறு எப்படிச் சொல்ல? கட்டைவிரல் பருமனுக்குக் கருவண்டுகள். கொத்துக்குக் கொத்து தேனீக்கள். வடிவக்கா நடுத்தோப்பில், தலையெல்லாம் பூவாய், வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சென்னைக்குப் போன் போட்டார். மரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னளா, ஒண்ணும் கேக்கலியே? லைன் கட்டாயிட்டா?" என்றது மறுமுனை. லாரிச் சத்தம் இல்லாததால் லைன் போய்விட்டது என்று நினைத்துவிட்டார்.

"லைன் இருக்கு. நல்லாக் கேளுங்க. வண்டு வந்திருக்கு."

"வண்டா? இதுக்கா போன் போட்ட? கடையில ஆள் நிக்கி, வைக்கேன்."

வைத்துவிட்டார். வடிவக்கா போனை முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகினார். "கடையில கூட்டமாம்" என்று என்னிடம் சொன்னார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

வேலைநிறுத்தம் முடிந்தது. லாரி வந்தது. உறுமல் வந்தது. வண்டு போயிற்று. ஆனால் அந்தச் சில நாளில் சேர்ந்த மகரந்தம் சேர்ந்ததுதானே? உள்மரங்களில் பிஞ்சு தொங்கியது, பச்சை நூலாய். அதைப் பார்த்த பிறகு அவரால் சும்மா இருக்க முடியுமா?

இருக்கவில்லை! மறுநாள் காலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலைக்குப் போனார். நிற்கிற முதல் லாரியின் கதவைத் தட்டினார். "ஏய்யா, வண்டி நகரதுக்கு நேரமாவும்லா? அதுவரைக்கும் எஞ்சின அமத்தி வையேன். என் மரம் பூத்திருக்கு."

என்ன நினைத்திருப்பார் அந்த ஓட்டுநர்? கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அடுத்தவர் "தள்ளிப் போ பெரியம்மா, அடிபட்டுச் சாவாத" என்றார். அதற்கடுத்தவர் சிரித்தார். அதற்கடுத்த லாரியில் இருந்தவர்தான் இதோ இந்த ரெக்சன். என்ன சொன்னீர்கள் தம்பி? நீங்களே சொல்லுங்கள். கூச்சப்படுகிறார். நான் சொல்கிறேன். "அம்மா, ஏசிய அமத்துனா நான் உள்ள வெந்துருவேன். உங்க மரம் பொழைக்கணும்னு நான் சாவவா?"

சரியான கேள்வி! அந்தத் தகரக் கூண்டுக்குள், அந்த வெயிலில், மணிக்கணக்காய்க் காத்திருப்பவர் கேட்டது நியாயமான கேள்வி. வடிவக்கா கோபப்பட்டாரா? இல்லை. யோசித்தார். "அப்போ இறங்கி வா. வேப்பமரத்து நிழல் இருக்கு. கருப்பட்டிக் காப்பி போட்டுத் தாரேன்."

ரெக்சன் இறங்கினார். அன்றைக்கு இறங்கியது ஒரே ஓர் ஆள். மறுநாள் இரண்டு பேர். வேலியை ஒட்டி நிற்கிற லாரிகள் காலைப்பொழுதில் ஒவ்வொன்றாய் அமைதியாயின.

ஆனால் கேளுங்கள் தாய்மார்களே, இதில்தான் துயரம். இன்று சொன்னதைக் கேட்ட ஓட்டுநர் நாளை பெங்களூரில் இருப்பார். நாளை நிற்பவர் நாமக்கல்காரர். நாளன்றைக்கு ஆந்திராக்காரர். ஒவ்வொரு விடியலிலும் புது முகம், புதுக் கதவு. நேற்று சொன்னதையே இன்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். கைகூப்ப வேண்டும். ஏச்சு வாங்க வேண்டும். தமிழ் தெரியாதவரிடம் மூக்கைத் தொட்டு, மரத்தைக் காட்டி, சாவியைத் திருகிக்காட்ட வேண்டும். தை முழுக்கச் செய்தார். மாசி முழுக்கச் செய்தார். ஒற்றை மனுஷி! ஊர்க்கூட்டத்துக்கு வந்து சொன்னார். "பூ கூப்பிடுதாம்" என்று நாம் சிரித்தோம்.

(பின்வரிசையில் யாரோ ஏதோ கேட்கிறீர்கள். சத்தமாகச் சொல்லுங்கள் தம்பி. ஆங்? "மீன் கண்டெய்னர அமத்துனா மீன் கெட்டுரும்." உண்மை. குளிரூட்டும் கண்டெய்னரை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வடிவக்காவும் சொன்னதில்லை. "அதுல இறால் இருக்கு, அது ஒருத்தன் பொழப்பு" என்று விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார். அவை வரிசையில் வேலியை விட்டுத் தள்ளி நின்றால் போதும்.)

விளைந்ததா என்று கேட்பீர்கள். விளைந்தது. முன்னளவு இல்லை. சாலையோர வரிசை இன்றைக்கும் சரியாய்க் காய்க்கவில்லை. நடுத்தோப்பு காய்த்தது. முதல் கட்டு முருங்கைக்காயைச் சந்தைக்கு அனுப்பவில்லை அவர். வேப்பமரத்தடியில் குழம்பு வைத்து, அன்றைக்கு நின்ற ஓட்டுநர்களுக்குப் பரிமாறினார். வீட்டு ஆள் என்று இலையில் உட்கார அன்று யாருமில்லை.

பங்குனியில் அவர் விழுந்தார். லாரி மோதி அல்ல. சாலையோரப் பள்ளத்தில் கால் மடங்கி இடுப்பெலும்பு முறிந்தது. எத்தனை நேரம் கிடந்தாரோ! கூப்பிட்டது எவருக்கும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும், அந்த உறுமலில்? தண்ணீர் கேட்க வந்த ஓர் ஓட்டுநர் பார்த்துத் தூக்கினார். மகன் மகாராஜன் வந்து, அறுவைசிகிச்சை முடிந்ததும் சென்னைக்குக் கூட்டிப்போய்விட்டான். கடைக்கு மேலே ஓர் அறையில் இருக்கிறார். சன்னலைத் திறந்தால் எதிர்க்கட்டடம்.

தோப்பை விற்பதென்று முடிவாயிற்று. விலை பேச செந்தூர்பாண்டி அண்ணாச்சி ஊருக்கு வந்தார். மறுநாள் யார்டுக்காரர் வருவதாக ஏற்பாடு. காலையில் அவர் திண்டாடிக்கொண்டு காப்பி போட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே ஒரு லாரி நின்றது. நின்ற உடனே எஞ்சின் அணைந்தது. பின்னால் ஒன்று. அதுவும் அணைந்தது. அதற்குப் பின்னால் ஒன்று. யாரும் கேட்கவில்லை, யாரும் தட்டவில்லை! படலைத் திறந்துகொண்டு முன்பின் தெரியாத ஓர் ஆள் வந்தார்.

"அக்கா இல்லையா?"

"நீ யாருய்யா?"

"கரூர்ங்க. இந்த வேலிப்பக்கம் நின்னா எஞ்சின அணைக்கணும்னு எங்க ஆளுங்க சொன்னாங்க. ஒரு அக்கா வந்து கேக்கும்னாங்க. காணோமே?"

செந்தூர்பாண்டி அண்ணாச்சி காப்பிப் பாத்திரத்தோடு வாசலுக்கு வந்தார். அப்போதுதான் மேலே பார்த்திருக்கிறார். வண்டு பறந்துகொண்டிருந்தது.

யார்டுக்காரர் வந்து காத்திருந்து திரும்பிப்போனார். அண்ணாச்சி சென்னைக்குத் திரும்பவில்லை. இப்போது அந்தச் சாலையில் தினம் காலையில் கதவு தட்டுவது அவர். அதோ, பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவரேதான். கணவன் தோப்பில் தனியாக, மனைவி சென்னையில் தனியாக. இடம்தான் மாறியிருக்கிறது. தனிமை மாறவில்லை.

இது எத்தனை நாள், அவையோரே? ஒரு மனுஷி விழுந்தால் ஒரு மனுஷன், அவரும் சாய்ந்தால் வேறு யார்? தூற்றுவோர் தூற்றப் போற்றுவோர் இன்றி ஒருவரே ஒரு சாலையின் புகையை ஊதி அணைக்க முடியுமா? முடியாது! ஆகவே கேட்கிறேன். மந்திரமூர்த்தி அண்ணாச்சி, சங்கம் அந்தச் சாலையோரம் கூரை போட்டுத் தருமா? நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் தருமா? தம்பி ரெக்சன், உங்கள் சங்கம் வரிசைக்கு டோக்கன் முறை கேட்டுத் துறைமுகத்தின் கதவைத் தட்டுமா? ஓட்டுநர் தோழர்களே, அந்தப் புகையை முதலில் குடிக்கிற நெஞ்சு உங்கள் நெஞ்சல்லவா? நிற்கிற வண்டியின் எஞ்சினை நிறுத்தியே வைப்போம்! நகரும்போது முடுக்குவோம், நிற்கும்போது நிறுத்துவோம்! சொல்வீர்களா? செய்வீர்களா?

கை உயர்கிறது. ஒன்று. இரண்டு. ரெக்சன் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். தலைவர் அண்ணாச்சி எழுந்தே நிற்கிறார். நன்றி அண்ணாச்சி. பின்வரிசைத் தம்பி, மீன் கண்டெய்னர்காரரே, நீங்களுமா? நன்றி, நன்றி.

அடுத்துப் பேச வேண்டியவர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. நான் மேடையேறுமுன் என்னிடம் வந்தார். "டீச்சர், எனக்கு மைக்குல பேச வராது. சொல்ல நினைச்சது ஒண்ணே ஒண்ணுதான். நீங்களே சொல்லிருங்க" என்றார். அவர் சொன்னபடியே சொல்கிறேன், ஓட்டுநர் தோழர்களே, இது உங்களுக்கு.

"என் வீட்டுக்காரி சொன்னத முப்பது வருசம் கூட இருந்த நான் கேக்கல. வழியில போன நீங்க கேட்டிய."

இதற்குமேல் நான் பேசினால் அழகில்லை. பொறுத்திருந்து கேட்ட பெரியோர்க்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும் தாய்மார்க்கும், நாளை விடியலில் வாசலில் நிற்கப்போகும் ஓட்டுநர் தோழர்க்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.